பரணிலிருந்து இறங்கிய ஒட்டுப்போர்வை: ‘பாதுகாப்பது’ என்றால் என்ன?

வீடு மாற்றும்போதுதான் வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று தெரியும். ராயபுரத்தில் நாங்கள் இருந்த பழைய வீட்டைக் காலி செய்த அன்று, பரணிலிருந்து ஒரு வேட்டி மூட்டை இறங்கியது. அவிழ்த்தால், ஆயா கையால் தைத்த ஒட்டுப்போர்வை. பழம்புடவை, லுங்கி, பாவாடை, காக்கிச் சட்டை என்று மேல்பக்கத்தில் மட்டும் 43 துண்டுகள். கூடத்தில் விரித்துப் போட்டதும் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள்.

“பழைய துணிக்குப் பாத்திரம் குடுக்கிறவர் வந்தா ஒரு அன்னக்கூடை வாங்கிக்கலாம்” என்றார் சித்தி. “டிரை கிளீனிங் போட்டா புதுசாயிடும்” என்றார் அண்ணி. கண்ணாடி ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டலாம் என்றான் தம்பி. “மியூசியத்துல குடுத்துடு, அவங்க பாத்துப்பாங்க” என்றார் அத்தை.

சித்தியை விட்டுவிட்டால் மற்ற மூவரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள்: பாதுகாக்கணும். ஆனால் அவர்கள் மனதில் இருந்தவை மூன்று வேறு வேறு காரியங்கள். அதில் இரண்டு, அந்தப் போர்வையின் ஆயுளை வெகுவாகக் குறைத்துவிடும்.

‘பாரம்பரியம்’, ‘பாதுகாப்பு’ என்ற சொற்களைப் புடவைக் கடை விளம்பரத்திலிருந்து மேடைப் பேச்சு வரைக்கும் எல்லா இடத்திலும் கேட்கிறோம். கேட்டுக் கேட்டு அவற்றின் பொருள் கலங்கிவிட்டது. பழசாக இருந்தால் பாரம்பரியம், பூட்டி வைத்தால் பாதுகாப்பு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இந்தப் போர்வைக்காகப் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதை, இந்த விஷயத்துக்குப் புதியவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

முதலில், ஒட்டுப்போர்வை எப்படி நிற்கிறது?

தையல் இலையைப் பார்த்திருப்பீர்கள். மந்தார இலை தனியாக ஒரு பிடி சோறு தாங்காது. நாலைந்து இலைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, ஈர்க்குச்சியால் அங்கங்கே குத்திவிட்டால், சாம்பார் ஊற்றிச் சாப்பிடும் அளவுக்கு ஒரு தட்டாகிவிடும். இலைகளின் பலம் கூடவில்லை. குச்சி குத்திய இடங்கள் பாரத்தைப் பகிர்ந்துகொள்கின்றன, அவ்வளவுதான்.

ஒட்டுப்போர்வையும் அப்படித்தான். அடியில் ஒரு முழுப் புடவை, நடுவில் நைந்த துணிகள், மேலே ஒட்டுத்துண்டுகள். இந்த மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிடிப்பது ஓட்டத் தையல், அதாவது ஊசியை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி நேராக ஓட்டிக்கொண்டு போகும் மிகச் சாதாரணமான தையல். பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பில் முதலில் சொல்லித் தருவது இதைத்தான். ஒரு தையல் அறுந்தாலும் பக்கத்துத் தையல்கள் தாங்கிக்கொள்ளும். நெருக்கமாக ஓட்டினால் நடுத்துணி சுருண்டு ஒரு மூலைக்கு ஒதுங்காது. அடுக்குகளுக்கு நடுவே சிக்கிய காற்றுதான் கதகதப்பைத் தருகிறது.

சென்னையில் கதகதப்பு எதற்கு என்று கேட்கலாம். இங்கே இதைப் போர்த்திக்கொண்டதைவிடக் கீழே விரித்துப் படுத்ததுதான் அதிகம். சிமெண்டுத் தரைக்கு மேல் ஒரு கோரைப்பாய், பாய்க்கு மேல் இது. பிள்ளை பெற்ற வீட்டில் இதற்குத் தனி மரியாதை. பல வருஷம் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன நூல் புடவையைப் போல் பச்சைக்குழந்தையின் தோலுக்கு இதமான துணி கிடையாது. எங்கள் தெருவில் தெலுங்கு பேசும் வீடுகளில் இதைப் ‘பொந்த’ என்பார்கள். நாங்கள் ஒட்டுப்போர்வை என்போம்.

இந்த வேலை நம் ஊருக்கு மட்டும் உரியதும் இல்லை. வங்காளத்தில் காந்தா, பீகாரில் சுஜனி, மகாராஷ்டிரத்தில் கோதடி, வட கர்நாடகத்தில் கவுதி என்று பெயர் மாறும். பழந்துணி, அடுக்கு, ஓட்டத் தையல் ஆகிய மூன்றும் மாறாது.

வீட்டுப் பொருள் எப்போது மரபாகிறது?

பலரும் தடுமாறும் இடம் இது. ‘எவ்வளவு பழசு?’ என்றுதான் முதலில் கேட்கிறோம். அந்தக் கேள்வி சட்டத்துக்குச் சரி. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, ஒரு கலைப்பொருள் தொல்பொருளாகக் கருதப்படக் குறைந்தது 100 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். சுவடிகளுக்கு 75. சிலைக் கடத்தல் செய்திகளில் அடிபடுவது இந்தச் சட்டம்தான். எங்கள் ஆயாவின் போர்வை இந்தக் கணக்கில் வராது. அதனால் அது மரபு இல்லை என்று ஆகிவிடாது.

ரசத்தை வைத்து யோசித்தால் சுலபம். ‘எங்க வீட்டு ரசம்’ என்று நாம் சொல்வது ஈயச்சொம்பையா? இல்லை. புளியின் அளவு, எப்போது இறக்குவது, மிளகைத் தட்டுவதா பொடிப்பதா என்ற கைப்பழக்கத்தை. யாரும் எழுதித் தரவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டோம். ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்சம் மாறும், ஆனாலும் ரசம் ரசமாகவே இருக்கும்.

இப்படிப் பள்ளியில் படிக்காமல், பார்த்துப் பழகி, கை மாறி வருவதைத்தான் நாட்டார் மரபு என்கிறோம். அதற்கு இரண்டு பக்கம் உண்டு. போர்வை என்ற பொருள் ஒரு பக்கம். தைக்கும் அறிவு, அதை எப்போது, யாருக்காகத் தைப்பது என்ற வழக்கம் மறுபக்கம். இந்த இரண்டாவதற்குப் பெயர் தொட்டுணர முடியாத மரபு. யுனெஸ்கோ இதற்கென்றே 2003இல் ஓர் ஒப்பந்தம் கொண்டுவந்தது. இந்தியா 2005இல் அதில் சேர்ந்தது. கேரளத்தின் கூடியாட்டம் என்ற நாடகக் கலை அந்த ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கிறது. மேடையும் கிரீடமும் உடையும் அல்ல, ஆடும் கலைதான் பட்டியலில் ஏறியது. ‘யுனெஸ்கோ முத்திரை வாங்கிய பொருள்’ என்று யாராவது ஒரு துணியைக் காட்டினால் கொஞ்சம் நிதானித்துக் கேளுங்கள். அந்த ஒப்பந்தம் பார்ப்பது பழக்கங்களை, பீரோவில் இருக்கும் பொருளை இல்லை.

கர்நாடகத்தின் உத்தர கன்னடப் பகுதியில் வாழும் சித்தி இன மக்கள் ஆப்பிரிக்க வழிவந்தவர்கள். அவர்களுடைய பெண்கள் தைக்கும் ‘கவந்தி’ போர்வையில் இரண்டு பக்கமும் கண்ணால் காணலாம். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டு போவார்கள். கடைசியில் நான்கு மூலையிலும் ‘பூலா’, அதாவது பூ, என்று ஒரு சின்ன ஒட்டு வைப்பார்கள். பூ வைக்காத போர்வை அவர்களுக்கு முடியாத போர்வை. நாளைக்கு அந்தப் பூவை வைக்கத் தெரிந்த கை இல்லாமல் போனால், அருங்காட்சியகத்தில் நூறு போர்வை இருந்தாலும் பாதி மரபுதான் மிஞ்சும்.

சரி, இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்க்கலாம். ஒட்டுப்போர்வை என்பது பல அடுக்குத் துணியை ஓட்டத் தையல் சேர்த்துப் பிடித்திருக்கும் பொருள். அதை மரபாக்குவது வயசோ விலையோ இல்லை. கை மாறி வந்த அறிவும் வழக்கமும். பொருள், பழக்கம் இரண்டையும் காப்பாற்றினால்தான் அது பாதுகாப்பு.

ஒரு போர்வைக்குள் வடசென்னை

மரபில் ‘எந்த ஊர்’ என்பதும் சேர்த்திதான். ஏன் என்று எங்கள் போர்வையின் துண்டுகளே சொல்லும்.

காக்கித் துண்டு தாத்தாவின் சட்டை. துணி பெரம்பூர் பின்னி மில்லில் நெய்தது. பக்கிங்காம், கர்நாட்டிக் என்று 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய இரண்டு ஆலைகள் அவை, 1920இல் ஒன்றாயின. காக்கித் துணிக்குப் பேர்போன ஆலை. 1918இல் மெட்ராஸ் தொழிலாளர் சங்கம் பிறந்தது அந்தத் தொழிலாளர்களால்தான், பி.பி. வாடியா, திரு.வி.க. எல்லாம் அவர்களோடு நின்றார்கள். 1996இல் ஆலை மூடப்பட்டது. அந்த ஆலையின் துணியில் ஒரு சாண் எங்கள் போர்வையின் இடது மூலையில் இன்னும் கெட்டியாக இருக்கிறது. சுற்றியுள்ள புடவைத் துண்டுகள் நைந்த பிறகும் அது மட்டும் விறைப்பு விடவில்லை.

கட்டம் போட்ட துண்டுகள் லுங்கி. இந்தக் கட்டத்துக்கும் நம் ஊருக்கும் நீண்ட தொடர்பு உண்டு. ‘மெட்ராஸ் கைக்குட்டை’ என்ற கட்டத்துணி இங்கிருந்து கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்கா வரைக்கும் போனது. நைஜீரியாவின் சில சமூகங்களில் பிறப்புக்கும் இறப்புக்கும் அது வேண்டும். வண்ணாரப்பேட்டை என்ற பெயரே துணியால் வந்தது: கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேற்றிய துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடம். இன்றைக்கு எம்.சி. ரோட்டில் தீபாவளிக் கூட்டத்தில் இடிபடுகிறவர்கள் துணியால் பெயர் பெற்ற பேட்டையில்தான் துணி வாங்குகிறார்கள். இன்னும் வடக்கே போனால் காலாடிப்பேட்டை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜோசப் காலெட் என்ற ஆளுநர் நெசவாளர்களைக் குடியமர்த்திய இடம் அது. காலெட் பேட்டை நம் வாயில் காலாடிப்பேட்டை ஆயிற்று.

மஞ்சள் கரை வைத்த ஒரு வெளிர்நீலத் துண்டு இருக்கிறது. அது பொங்கலுக்கு ரேஷன் கடையில் வாங்கிய புடவை என்று அத்தை பார்த்ததும் சொன்னார். இலவச வேட்டி சேலைத் திட்டம் 1983இல் வந்தது. ஆக, போர்வையின் அந்தப் பகுதி அதற்கு முன்னால் தைத்ததாக இருக்க முடியாது! ஒரு துண்டுத் துணி ஒரு தேதியைச் சொல்லிவிட்டது. ‘வாயில்’ என்ற மெல்லிய துணியில் வந்த சிவப்புப் புடவையின் துண்டு ஒன்று அத்தையின் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு எடுத்தது. அதைச் சொல்லும்போது அத்தை அந்தத் துண்டைத் தடவிக்கொண்டே இருந்தார்.

ஆலை, பேட்டை, ரேஷன் கடை, சடங்கு என்று ஒரு வட்டாரத்தின் ஐம்பது வருஷ வாழ்க்கை இந்த வரிசையில் சேர்வது இங்கேதான் நடக்கும். கோயம்புத்தூரில் தைத்திருந்தால் வேறு துண்டுகள் வந்திருக்கும். ‘வட்டார மரபு’ என்று சொல்வது இதைத்தான்.

கதை போனால் போர்வையும் பாதி போச்சு

அத்தை சொல்லாமல் இருந்திருந்தால் அந்த வெளிர்நீலம் எனக்கு வெறும் வெளிர்நீலம். ஒரு பொருளை யார் செய்தார்கள், எதிலிருந்து செய்தார்கள், யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற தொடர்ச்சியை வழிவரலாறு என்பார்கள். வீட்டுப் பத்திரத்துக்குத் தாய்ப்பத்திரம் எப்படியோ, மரபுப் பொருளுக்கு இது அப்படி.

இதன் மதிப்பைக் காட்ட அமெரிக்காவில் ஒரு போர்வை இருக்கிறது. ஜார்ஜியா மாநிலத்தில் 1837இல் அடிமையாகப் பிறந்தவர் ஹேரியட் பவர்ஸ். விடுதலைக்குப் பிறகு, பைபிள் கதைகளைத் துணியில் வெட்டி ஒட்டி 11 கட்டங்கள் கொண்ட ஒரு போர்வை தைத்தார். 1886இல் ஏதென்ஸ் என்ற ஊரின் பருத்திக் கண்காட்சியில் அதைப் பார்த்த ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார், பவர்ஸ் தரவில்லை. சில ஆண்டுகள் கழித்துக் கைமுடை வந்தபோது, 10 டாலர் கேட்டு, 5 டாலருக்குக் கொடுத்தார். கொடுத்த பிறகும் மனசு கேட்காமல் போர்வையைப் பார்க்கப் போய் வந்திருக்கிறார்.

கொடுக்கும்போது பவர்ஸ் ஒவ்வொரு கட்டத்தையும் காட்டி, இது ஏவாள், இது யாக்கோபின் கனவு, இது யூதாஸும் 30 வெள்ளிக்காசும் என்று விளக்கினார். ஸ்மித் அதை எழுதி வைத்தார். போர்வை இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பவர்ஸ் என்ன நினைத்துத் தைத்தார் என்று இன்றைக்கு நமக்குத் தெரிவது அந்தக் காகிதத்தால்தான். பெயர்கூடப் பதிவாகாமல் போன எத்தனையோ தையல்காரிகளின் போர்வைகளை நினைத்தால் மனம் கனக்கிறது.

1981இல் அதே நாட்டின் கென்டக்கி மாநிலத்தில் இதையே பெரிய அளவில் செய்தார்கள். ஊர் ஊராக ஒரு நாள் குறித்து, வீட்டிலிருக்கும் போர்வையைக் கொண்டுவரச் சொன்னார்கள். புகைப்படம் எடுத்தார்கள், அளந்தார்கள், கதையைக் கேட்டுப் பதிந்தார்கள், போர்வையை வீட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். பிறகு மற்ற மாநிலங்களும் இதைப் பின்பற்றின. இதற்குப் பெயர் ஆவணப்படுத்துதல். பொருளை யாரிடமும் ஒப்படைக்க வேண்டியதில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. அத்தை சொன்னதுபோல் மியூசியத்துக்குக் கொடுத்தால்தான் பாதுகாப்பு என்பதில்லை. காசிமேட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்படி ஒன்று நடந்தால் எத்தனை மூட்டை அவிழும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

துணி எப்படிச் சாகிறது?

இனி போர்வையின் உடம்புக்கு வருவோம். இது கொஞ்சம் வேதியியல், ஆனால் பூ கட்டத் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

பருத்தி இழையில் பெரும்பகுதி செல்லுலோஸ் என்ற பொருள். செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் என்ற சர்க்கரைத் துணுக்குகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீளச் சரம். மல்லிகையை நாரில் நெருக்கக் கட்டிய சரத்தைப் போல. சரம் நீளமாக இருக்கும்வரை இழைக்குப் பலம் உண்டு. சரம் அங்கங்கே அறுந்து முழம் சாணாகி, சாண் விரற்கடை ஆனால், பார்வைக்குத் துணி அப்படியே இருக்கும். கை வைத்தால் கிழியும். பழைய பருத்தித் துணியைப் பிரிக்கும்போது ‘தொட்டாலே வருது’ என்கிறோமே, அது இந்த நிலை.

சரத்தை அறுப்பது எது? முதலில் வெளிச்சம். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரும் சாதாரண வெளிச்சமும் சரத்தை மெல்ல அறுக்கும், சாயத்தையும் தின்னும். மஞ்சள் தோய்த்த துணி வெயிலில் சீக்கிரம் வெளுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவுரி நீலம் அதைவிட வெகுநாள் தாக்குப்பிடிக்கும். வெளிச்சம் செய்த சேதம் திரும்பாது, சேர்ந்துகொண்டே போகும். ஹாலில் ஃபிரேம் போட்டு மாட்டும் யோசனை அடிபட்டது இதனால்தான். அதோடு, ஆணியில் தொங்கும் கனம் முழுவதையும் மேல்வரிசைத் தையல்கள் மட்டும் சுமக்க வேண்டியிருக்கும். கண்ணாடி துணியை ஒட்டி இருந்தால் உள்ளே ஈரம் வேர்க்கும்.

அப்புறம் ஈரம். வடசென்னையில் இதுதான் பெரிய எதிரி. காற்றின் ஈரப்பதம் சுமார் 65, 70 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை முளைக்கத் தொடங்கும். கடலோரத்தில் நமக்கு அந்த அளவு தினப்படி விஷயம். காற்றில் வரும் உப்பு துணியில் படிந்தால், அந்த உப்பும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிகிறதே, அதேதான். ஈரமும் சூடும் சேர்ந்த இடத்தில் அமிலம் இருந்தால் சரம் இன்னும் வேகமாக அறுபடும். அமிலம் எங்கிருந்து வரும்? செய்தித்தாளிலிருந்து, அட்டைப்பெட்டியிலிருந்து, மரப் பலகையிலிருந்து. பழைய செய்தித்தாள் பழுத்துப் பொடிப்பொடியாவதும் அமிலத்தால்தான். பீரோவில் புடவைக்கு அடியில் பேப்பர் விரிப்பது நம் எல்லோர் வீட்டிலும் உண்டு. நல்லது என்று நினைத்துச் செய்யும் கெடுதல் அது.

மூன்றாவது மடிப்பு. ஒரே இடத்தில் வருஷக்கணக்கில் மடிந்த இழை அந்த மடிப்பிலேயே முறியும். நான்காவது பூச்சி. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கஞ்சியில் இருக்கும் ஸ்டார்ச்சும் பருத்தியின் செல்லுலோஸும் ஒரே குளுக்கோஸால் ஆன ஒன்றுவிட்ட உறவுகள். வெள்ளிப்பூச்சி இரண்டையும் ஜீரணிக்கும். கஞ்சி போட்ட துணியை எடுத்து வைத்தால் அதற்கு விருந்து வைத்த மாதிரி.

சுருக்கமாக: துணி பலமாக இருப்பது நீளச் சரங்களால். வெளிச்சம், ஈரம், அமிலம், மடிப்பு எல்லாம் அந்தச் சரத்தை அறுக்கும், பூச்சி தின்னும். பாதுகாப்பு என்பது இவற்றின் வேகத்தைக் குறைப்பது. முழுக்க நிறுத்த யாராலும் முடியாது.

பாதுகாப்பதும் புதுசாக்குவதும்

“புதுசாயிடும்” என்று அண்ணி சொன்னது அக்கறையில்தான். ஆனால் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் போன பொருட்கள் நிறைய. கோயில் தூண்களையும் சுவர்களையும் பளிச்சென்று ஆக்க மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்தபோது, கல்வெட்டு எழுத்துகள் தேய்ந்துபோனதைப் பற்றி நம் ஊரில் எவ்வளவோ பேசியாகிவிட்டது. கல் புதுசானது, அது சொல்ல வந்தது போனது.

பாதுகாத்தல் என்றால் இருப்பதை இருக்கிறபடி நிறுத்துவது. செய்யும் எந்த வேலையையும் பின்னால் பிரித்துவிட முடிய வேண்டும். புதுப்பித்தல் என்றால் பழைய தோற்றத்துக்குத் திரும்பக் கொண்டுபோவது. இரண்டாவதற்கும் இடம் உண்டு, தினமும் போர்த்திக்கொள்ளும் போர்வையாக இருந்தால். எடுத்து வைக்கப்போகும் போர்வைக்கு முதலாவதுதான் சரி. எங்கள் போர்வையில் ஒரு மஞ்சள் கறை இருக்கிறது. குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் முன் கிடத்திய இடம். அந்தக் கறை போனால், அதில் குழந்தை கிடந்ததற்கு வேறு சாட்சி இல்லை.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஆயா தைத்த இன்னொரு சின்னப் போர்வை, தொட்டிலுக்குத் தைத்தது, எங்களிடம் இருந்தது. சில வருஷம் முன்னால் அதைச் சலவைக்குப் போட்டோம். திரும்பி வந்தபோது சிவப்புக் கரை சாயம் இறங்கி வெள்ளைத் துண்டெல்லாம் ரோஜா நிறமாகியிருந்தது. நடுவில் இரண்டு இடத்தில் கிழிசல். நனைந்த போர்வையின் கனம் உலர்ந்ததைப்போல் பல மடங்கு. கொடியில் போட்டால் அந்தத் தண்ணீரின் கனமே நைந்த இழையைக் கிழித்துவிடும். சாயம் இறங்கும் மெட்ராஸ் கட்டத்துணியை 1960களில் அமெரிக்காவில் அதையே பெருமையாகச் சொல்லி விற்றார்கள்: ஒவ்வொரு துவைப்புக்கும் நிறம் மாறும் என்று. சட்டைக்கு அது அழகாக இருக்கலாம். தொட்டில் போர்வையை அப்படிப் பார்க்க என்னால் முடியவில்லை.

வீட்டில் என்ன செய்யலாம்

துவைக்கத்தான் வேண்டும் என்று தோன்றினால், முதலில் ஒவ்வொரு நிறத்திலும் ஓரமாக ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, வெள்ளைப் பஞ்சால் ஒற்றிப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் தண்ணீரே காட்டக் கூடாது. தூசிக்கு, போர்வையின்மேல் கொசுவலைத் துணியை விரித்து, வேக்வம் கிளீனரைக் குறைந்த வேகத்தில் வைத்து மேலாக எடுத்தால் போதும்.

எடுத்து வைக்கும் துணி கஞ்சி இல்லாமல், நன்றாகக் காய்ந்து இருக்க வேண்டும். நிழலில், காற்றோட்டத்தில் காய வையுங்கள். பல தடவை துவைத்துச் சாயமும் கஞ்சியும் போன வெள்ளை மல் வேட்டியில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், உள்ளே ஈரத்தைப் பூட்டிவிடும். எங்கள் ஆயா வேட்டியில் மூட்டை கட்டிப் பரணில் வைத்தது பெரும்பாலும் சரியான வேலை என்று பிறகுதான் தெரிந்தது. பரணின் சூடு மட்டும்தான் குறை. இடம் இருந்தால் நீளமான குழாயில் மல் துணி சுற்றி அதன்மேல் போர்வையை உருட்டி வைக்கலாம். இடம் இல்லாவிட்டால் மடிப்புக்குள் மல் துணிச் சுருள்களை வைத்து மடித்து, மூன்று நாலு மாதத்துக்கு ஒரு தடவை வேறு இடத்தில் மாற்றி மடியுங்கள். அப்படிப் பிரிக்கும்போதே பூச்சி, பூஞ்சை இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். பாச்சை உருண்டை துணியைத் தொடக் கூடாது, அதன் ஆவியும் உடம்புக்கு ஆகாது. வசம்பு, காய்ந்த வேப்பிலை போடுவதானால் தனித் துணி முடிச்சில் போடுங்கள். இலை நேராகப் பட்டால் கறை பிடிக்கும். தரைத்தளத்தில் இருப்பவர்கள் பீரோவின் அடித்தட்டில் வைக்காதீர்கள். 2015இலும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று நமக்குத் தெரியும்.

கிழிசல் பெரிதாக இருந்தால் நீங்களே ஒட்டுப் போடாமல் தெரிந்தவர்களைக் கேளுங்கள். பசையும் செல்லோ டேப்பும் கூடவே கூடாது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930களிலிருந்தே பழம்பொருள் பாதுகாப்புக்கென ஓர் ஆய்வுக்கூடம் உண்டு.

துணியைவிட அவசரமானது கதை. துணி இன்னும் இருபது வருஷம் இருக்கும்; அதைத் தைக்கப் பார்த்தவர்களுக்கு எழுபதும் எண்பதும் ஆகிறது. போர்வையைத் தரையில் விரித்து மேலிருந்து ஒரு முழுப்படம் எடுங்கள், பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து. பிறகு ஒவ்வொரு துண்டையும் தனியாக. பெரியவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்து, போனில் குரல் பதிவை ஓடவிட்டு, துண்டு துண்டாகக் கேளுங்கள்: இது யாருடையது, எங்கே வாங்கியது, எதற்கு. எப்படித் தைத்தார்கள் என்றும் கேளுங்கள். முடிந்தால் ஊசியைக் கையில் கொடுத்துத் தைத்துக் காட்டச் சொல்லி வீடியோ எடுங்கள். அத்தையிடம் கேட்டபோது, ஆயா நூல்கண்டு வாங்கவே மாட்டார், பழம்புடவையின் கரையிலிருந்து நூல் உருவித்தான் தைப்பார் என்று தெரிந்தது. தையலின் நிறம் அங்கங்கே மாறுவது ஏன் என்று நான் யோசித்துக்கொண்டிருந்ததற்கு அதுதான் விடை.

கடைசியாக, ஒரு சின்னப் பருத்தி நாடாவில் பென்சிலால் பெயர், ஊர், ஆண்டு எழுதி, அடிப்பக்கத் துணியின் மூலையில் மட்டும் நாலு தளர்தையல் போட்டு வையுங்கள். பென்சில் எழுத்து நனைந்தாலும் கரையாது, தையலையும் பிரித்துவிடலாம்.

எங்கள் நாடாவில் ஆயாவின் பெயரையும் ராயபுரத்தையும் எழுதிவிட்டோம். 43 துண்டுகளில் 31 எவருடையது என்று தெரிந்துவிட்டது. பச்சையில் வெள்ளைப் புள்ளி போட்ட ஒன்றை அத்தைக்கும் அடையாளம் தெரியவில்லை. திருவொற்றியூரில் பெரியம்மா இருக்கிறார். வரும் ஞாயிறு போட்டோவை எடுத்துக்கொண்டு போகிறோம்.